பொரிகோழியா, பொரிக்கோழியா?

ஜெலுத்தோங் வாசகன்:
ஆயாம் கோரெங்குக்கு (மலாயில் பொரித்த கோழி) ‘பொரிக்கோழி’ எனப் பலகை எழுதலாமா என்ற கேள்விக்கு, “எழுதலாம், பொரித்த கோழியின் சுருக்கம், பெயரெச்சம் (பெயரைக் கொண்டு முடியும் எச்சவினை)” என்று நேற்று ஒருவர் பதில் போட்டிருந்தார். இரண்டும் பிழை. அது வினைத்தொகை, அதாவது காலம் காட்டாத வினைப்பகுதி பெயரோடு சேர்ந்த சொல்; அங்கே வலி மிகாது, நடுவில் க், ச், த், ப் தோன்றாது. சுடுசோறு, ஊறுகாய், குடிதண்ணீர், விரிகுடா எல்லாம் அப்படித்தான். க் போட்டால் ‘பொரி’ பெயர்ச்சொல்லாகிவிடும். தயிர்க்குடம் போல, உள்ளே பொரி அடைத்த கோழி!

பட்டர்வொர்த் படகு:
அந்த ஒருவர் நான்தான். க் பிழை, சரி. பெயரெச்சத்தை விட மாட்டேன். ‘காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை’ என்று, அதாவது காலம் மறைந்த பெயரெச்சமே வினைத்தொகை என்று, இலக்கண நூலான நன்னூலே (364) சொல்கிறதே?

ஜெலுத்தோங் வாசகன்:
‘கரந்த’ என்பதைத் தாண்டிக் குதிக்காதீங்க அண்ணே. ‘பொரித்த’ என்பதில் இறந்தகால இடைநிலை த் இருக்கிறது, அ என்ற விகுதி இருக்கிறது. பொரிகோழியில் வெறும் பகுதிதான். அதனால்தான் பொரித்த, பொரிக்கின்ற, பொரிக்கும் என்று முக்காலத்துக்கும் விரிகிறது. நடுவில் ஒரு சொல்லைச் செருகிப் பாருங்கள். ‘பொரித்த காரமான கோழி’ நிற்கும். ‘பொரி காரமான கோழி’? நாக்கே மறுக்கும். ‘எல்லாத் தொகையும் ஒருசொல் நடைய’ என்கிறது தொல்காப்பியம். ஆகவே சேர்த்தே எழுத வேண்டும். இடம் விட்டால் யாரையோ பொரிக்கச் சொல்லி ஏவுவதுபோல் ஆகும்.

தமிழாசிரியை, ஆயர் ஈத்தாம்:
எஸ்.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளைகள் கவனிக்க: சூடு ஒரு பண்புதானே என்று சுடுசோற்றைப் பண்புத்தொகை ஆக்காதீர்கள். சுட்ட, சுடுகின்ற, சுடும் என விரிகிறது, வினைத்தொகை. செந்தாமரை அப்படி விரியாது, செம்மையாகிய தாமரை. அடுத்து, பெயரெச்சத்தில் வலி மிகாது என்ற மனப்பாடத்தை நம்பி ‘அழியா புகழ்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘அழியாத புகழ்’ மிகாது. த என்ற ஈறு கெட்டால் மிகும்: அழியாப் புகழ்.

பட்டர்வொர்த் படகு:
நன்றி டீச்சர், எனக்கே எடுத்துக் கொடுத்தீர்கள். ஈறு கெட்டாலும் அதை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்கிறோம். காலம் கெட்டால் மட்டும் தனிச் சாதியா?

ஜெலுத்தோங் வாசகன்:
‘அழியா’வில் எதிர்மறை ஆ மிச்சம் இருக்கிறதே. பொரிகோழியில் பகுதியைத் தவிர என்ன மிச்சம்?

பட்டர்வொர்த் படகு:
கோழி மிச்சம். ‘கோரெங்’ என்பதிலும்தான் காலம் இல்லை, மலாய்க்காரர்கள் இதற்கு மல்லுக்கட்டுவதில்லை. விடைத்தாளில் வினைத்தொகை என்றே எழுதட்டும், மதிப்பெண் முக்கியம். பொருளில் அது பெயரெச்சம்தான்.