கிளிப்பர்டன் தீவும் ஒரு டம்ளர் டீயும்

பழையசாவி | ஞாயிறு, மாலை 6.40

இன்று அமெச்சூர் ரேடியோ கிளப் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து நின்று, ரேடியோவில் தொடர்புகொண்டு 271 நாடுகளைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு வராந்தாவில் வடை தின்றுகொண்டே அவரே ஒரு கதை சொன்னார். 2024 ஜனவரியில் கிளிப்பர்டன் தீவில் ஒரு குழு இறங்கியிருந்தது அல்லவா? இவர் கணினியே குறிகளை அனுப்பி வாங்குகிற எஃப்டி8 முறையில் அழைப்பை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாராம். திரும்பி வந்து பார்த்தால் தொடர்பு முடிந்திருந்ததாம். இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்!

கிளிப்பர்டன் மெக்சிகோவுக்கு அப்பால் பசிபிக் நடுவே கிடக்கிறது. இங்கிருந்து வட துருவத்தை ஒட்டிப் போகிற பாதையில் சுமார் 17,000 கிலோமீட்டர். அலை அத்தனை தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆள் மட்டும் அடுக்களையைத் தாண்டவில்லை.

கிளிப்பர்டனைப் பிடித்தது அவரா, அவருடைய கணினியா?

மூங்கில்குவாட் | ஞாயிறு, இரவு 7.05

பெயரைச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பா, ஐயா? கூட்டத்தில் 271 என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான்.

எஃப்டி8-இல் ஒவ்வொரு முறையும் 15 வினாடி. அதில் அலை வெளியே போவது 12.64 வினாடி. எதிர்முனை பதில் கொடுத்துவிட்டால் முழுத் தொடர்பும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் யார் வீட்டில் டீ போட்டுக் குடிக்க முடியும்? பால்கூடப் பொங்காது.

பழையசாவி | ஞாயிறு, இரவு 7.11

டீயை அவர் போட்டதாக நான் எங்கே சொன்னேன்? குடிக்கப் போனார் என்றேன். போட்டது வேறொருவர். தொடர்பை முடித்ததும் வேறொன்று. தம்பிக்கு எல்லாமே தானாக நடக்கிறது.

புதுவரவு | ஞாயிறு, இரவு 7.30

வணக்கம். இப்போதுதான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். கிளிப்பர்டன் ஆள் வசிக்காத பவளத்தீவு என்று படித்தேன். பிரான்சுக்குச் சொந்தமானது. அது எப்படி ஒரு ‘நாடு’ ஆகும்? அந்தமானும் லட்சத்தீவும் இந்தியாவிலிருந்து தனியாக எண்ணப்படுவதாகவும் சொல்கிறார்கள். இந்தக் கணக்கில் நாடு என்பதற்கு என்ன இலக்கணம்?

பழையசாவி | ஞாயிறு, இரவு 7.34

அதெல்லாம் பிறகு பார்க்கலாம். டீ குடிக்கப் போனாரா இல்லையா?

விதிநூல் | ஞாயிறு, இரவு 8.02

இரண்டு பேருமே விதியைப் படிக்காமல் எழுதுகிறீர்கள். பிடித்த நாடுகளை எண்ணித் தருகிற டிஎக்ஸ்சிசி விருதின் விதியில் இது தெளிவாகவே இருக்கிறது: ஒவ்வொரு தொடர்பையும் இரு முனையிலும் இருக்கும் இயக்குநர்கள் அந்த நேரத்தில் தாமே நேரடியாகத் தொடங்கியிருக்க வேண்டும். ஆள் இல்லாமல் இரவெல்லாம் தானாக அழைத்துத் தானாகப் பதிவு செய்யும் நிலையங்களைத் தடுக்கத்தான் அதைச் சேர்த்தார்கள். தம்பி பொத்தானை அழுத்தித் தொடங்கினார் என்றால் தொடர்பு செல்லும். பாதியில் எழுந்து போகக்கூடாது என்று விதியில் ஒரு வார்த்தை கிடையாது.

பழையசாவி | ஞாயிறு, இரவு 8.15

விதியில் தூங்கக்கூடாது என்றும்தான் இல்லை. கல்யாணத்தில் தாலி கட்டத் தொடங்கிவிட்டு மாப்பிள்ளை டீ குடிக்கப் போகலாமா? முதல் முடிச்சை அவரே போட்டார், மற்ற இரண்டும் தானாக விழுந்தன என்பீர்களா?

மூங்கில்குவாட் | ஞாயிறு, இரவு 8.19

மற்ற முடிச்சுகளை நாத்தனார்தான் போடுவார், ஐயா. கல்யாணம் செல்லும்.

மாடிக்கம்பி | ஞாயிறு, இரவு 9.20

நான் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து துணிக்கொடிக் கம்பம்வரை ஒரு கம்பி, அவ்வளவுதான் என் ஆண்டெனா. மாலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் எல்இடி விளக்கு எரியத் தொடங்கியதும் என் ரிசீவரில் ஒரே இரைச்சல்; குறியின் வலுவைக் காட்டும் ஊசி எஸ்7-க்குக் கீழே இறங்காது. அதில் மோர்ஸ் கேளுங்கள், குரல் கேளுங்கள் என்று உபதேசம் செய்பவர்கள் ஒரு மாலை வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். எஃப்டி8 இல்லையென்றால் நான் என்றைக்கோ ரேடியோவை விற்றிருப்பேன்.

இதைச் செய்தவரும் சாதாரண ஆள் இல்லை. ஜோ டெய்லர். இரட்டை விண்மீன் அமைப்பில் ஒரு பல்சரை, அதாவது துடிக்கும் விண்மீனை, கண்டுபிடித்ததற்காக 1993-இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர். அவரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் சேர்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். காதுக்கே கேட்காத, இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழே கிடக்கிற குறியைத் தோண்டி எடுக்கிறது.

பழையசாவி | ஞாயிறு, இரவு 9.31

நோபல் பரிசு வாங்கியவர் டீ குடிக்கப் போகவில்லை. நம் தம்பிதான் போனார்.

காதுக்கே கேட்கவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கேட்காத ஒருவரோடு பேசியதாகச் சொல்வதற்கு என்ன பெயர்? 1990-இல் என் கையாலேயே கட்டிய 807 வால்வு டிரான்ஸ்மிட்டரில், 40 மீட்டர் அலைவரிசையில், ஒரு பிரேசில் நிலையத்துக்காக மூன்று இரவு உட்கார்ந்தேன். ஹெட்போனை அழுத்தி அழுத்திக் காதுமடல் புண்ணாகிவிட்டது. மூன்றாம் இரவு விடியும் நேரத்தில் பாதை திறந்தது. என் அழைப்புக்குறியின் கடைசி எழுத்து மட்டும் திரும்பி வந்தது, பிறகு ஒரு கேள்விக்குறி. மறுபடி அனுப்பினேன், முழுதாக வந்தது. மூன்று இரவும் நாற்காலியை விட்டு எழவில்லை. தொடர்பை உறுதிசெய்து அவர்கள் அனுப்பிய அட்டை இன்னும் சுவரில் தொங்குகிறது.

மாடிக்கம்பி | ஞாயிறு, இரவு 9.40

மூன்று இரவும் எழவில்லையா? அப்படியானால் உங்களுக்கு டீ யார் கொண்டுவந்து கொடுத்தது? வீட்டில் அக்காதானே? டீ உங்களைத் தேடி வந்தால் சாதனை, தம்பி டீயைத் தேடிப் போனால் மோசடியா?

பழையசாவி | ஞாயிறு, இரவு 9.44

குடும்பத்தை இழுக்க வேண்டாம்.

யாழ்22 | ஞாயிறு, இரவு 10.10

ஐயாமாருக்கு வணக்கம். நாங்கள் அதைத் தேத்தண்ணீர் என்போம். மற்றபடி சண்டை இங்கேயும் இதேதான்.

பழையசாவி ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். அக்டோபர் கடைசி வார இறுதியில் சிக்யூ உலகப் போட்டியில் எல்லோரும் குரல் கொடுக்கிறோம். 48 மணி நேரமும் எல்லோருக்கும் ‘ஐந்து ஒன்பது’தான். ஐந்து என்றால் சொல் முழுதும் தெளிவாகக் கேட்கிறது, ஒன்பது என்றால் குறி மிக வலுவாக இருக்கிறது என்று பொருள். 1934-இல் இந்த முறையை வகுத்தபோது உண்மையைச் சொல்லத்தான் வகுத்தார்கள். நாமோ ‘திரும்பச் சொல்லுங்கள், திரும்பச் சொல்லுங்கள்’ என்று ஆறு தரம் கெஞ்சிவிட்டு, ஏழாம் தரம் ‘நன்றி, ஐந்து ஒன்பது’ என்கிறோம். எஃப்டி8-இலோ கணினி அளந்த டெசிபெல் கணக்குத்தான் போகும்; மைனஸ் 21 என்றால் மைனஸ் 21தான். எது பொய்?

மூங்கில்குவாட் | ஞாயிறு, இரவு 10.14

அப்படிக் கேளுங்கள், அண்ணா!

பழையசாவி | ஞாயிறு, இரவு 10.29

‘ஐந்து ஒன்பது’ ஒரு மரியாதை. வாசலில் பார்த்தவரிடம் ‘சௌக்கியமா’ என்று கேட்கிறோமே, இரத்த அழுத்தம் அளந்து பார்த்தா கேட்கிறோம்? ஆனால் கேட்கும்போது நாம் வாசலில் இருக்கிறோம், அடுக்களையில் இல்லை.

யாழ்ப்பாணத்து நண்பர் போட்டியைப் பற்றிப் பேசலாம். அவருடைய 4எஸ்7 என்ற இலங்கைக் குறியைக் கண்டால் ஐரோப்பா முழுவதும் மொய்க்கும். நாங்கள் இங்கே தொண்டை வறளக் கத்துகிறோம்.

யாழ்22 | ஞாயிறு, இரவு 10.41

மொய்க்கிறார்களோ இல்லையோ, நீங்கள் உங்களுக்குள் பேசினால் போட்டியில் பூச்சியம் புள்ளி. என்னோடு பேசினால் ஒரு புள்ளியாவது கிடைக்கும். போன வருஷம் நான் 15 மீட்டரில் கூப்பிட்டேன், ஐயா பதிலே தரவில்லை.

விதிநூல் | ஞாயிறு, இரவு 10.50

அவருக்குக் கேட்டிருக்காது. கேட்டதையும் தப்பாக எழுதித்தான் அந்த வருஷம் அவருடைய லாக்கில், அதாவது தொடர்புப் பதிவேட்டில், இத்தனை தொடர்புகள் அடிபட்டன. அழைப்புக்குறியில் ஓர் எழுத்து பிசகினாலும் அந்தத் தொடர்பு போவதோடு, அதன் புள்ளியைப் போல இரண்டு மடங்கு அபராதமும் கழியும் என்று நான் அப்போதே சொன்னேன்.

பழையசாவி | ஞாயிறு, இரவு 10.58

என் லாக் இங்கே எதற்கு? பிசகியது என் காது. என் காது! கணினியின் காது இல்லை. தப்பு செய்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து நானே செய்தேன்.

பதினைந்துவினாடி | திங்கள், காலை 6.20

இரவுப் பணி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். அந்தத் ‘தம்பி’ நான்தான்.

முதலில், அது டீ இல்லை. சுக்குக் காபி.

இரண்டாவது, அந்த இரவு நான் நாலு மணி நேரம் அழைத்துக்கொண்டே இருந்தேன். ஆறு நிமிடம் யாரும் தொடாமல் விட்டால் மென்பொருளே அலையை நிறுத்திவிடும். ஒவ்வொரு முறையும் நானேதான் மறுபடி இயக்கினேன். எந்த அலைவரிசையில் கூப்பிடுவது, எப்போது இடம் மாற்றுவது என்று பார்த்துப் பார்த்து மாற்றியதும் நான்தான். ஆண்டெனாவை அப்பாவோடு சேர்ந்து தென்னை மரத்தில் கட்டியதும் நான்தான். கடைசி ஒன்றரை நிமிடம் மட்டும் எழுந்தேன். வராந்தாவில் சிரிப்புக்காகச் சொன்னதை இப்படித் தூக்கிலிடுவீர்கள் என்று தெரிந்திருந்தால் வடையை வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன்.

பழையசாவி | திங்கள், காலை 6.31

ஆக, எழுந்ததை ஒப்புக்கொண்டுவிட்டார். நன்றி.

பதினைந்துவினாடி | திங்கள், காலை 6.35

எழுந்தேன் என்றால் அடுக்களைக்குப் போனேன் என்று அர்த்தமில்லை. அம்மா அறை வாசல்வரை கொண்டுவந்தார். எட்டி வாங்கினேன்.

பழையசாவி | திங்கள், காலை 6.38

நேற்று ‘குடிக்கப் போனேன்’ என்றீர்கள். இன்று டம்ளர் வாசலுக்கு வந்துவிட்டது. நாளைக்கு மேசைக்கே வந்துவிடும்.

மாடிக்கம்பி | திங்கள், காலை 7.15

வாசலில் நின்றாலும் திரை தெரியும்தானே? பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்?

பழையசாவி | திங்கள், காலை 7.22

பார்ப்பது வேறு, இயக்குவது வேறு. பஸ்ஸில் உட்கார்ந்து சாலையைப் பார்ப்பவன் ஓட்டுநர் ஆகிவிடுவானா?

2004-ஐ நினைத்துப் பாருங்கள். தொலைதூரத் தொடர்புக்காக அந்தமானுக்குப் போன நம் ஆட்கள் போர்ட் பிளேயரில் இருந்தபோதுதான் டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அதுவரை உலகமெங்கும் இருந்து அந்தமானைப் பிடிக்க மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலையிலிருந்து அதே ரேடியோ உறவினர்களைத் தேடும் செய்திகளைச் சுமந்தது. குரல் இருந்தது, ஆள் இருந்தார். யாரும் டீ குடிக்கப் போகவில்லை.

மூங்கில்குவாட் | திங்கள், காலை 7.40

சுனாமியைக் கொண்டுவந்து டீ டம்ளரில் ஊற்றாதீர்கள், ஐயா. அந்தப் பெருமையில் உங்களுக்கும் எனக்கும் பங்கில்லை. நாம் அன்றைக்கு வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம்.

பேச்சு வந்ததால் கேட்கிறேன். போன வருஷ முகாமுக்கு என்னிடமிருந்து 30 மீட்டர் கோஆக்ஸ் கேபிள் வாங்கிப் போனீர்களே, அது எங்கே?

பழையசாவி | திங்கள், காலை 7.52

கேபிளைப் பற்றித் தனியே பேசுவோம். இது கொள்கைப் பிரச்சினை.

மூங்கில்குவாட் | திங்கள், காலை 7.55

கொள்கைக்கு நடுவே என் கேபிளும் கிடக்கிறது. இரு முனையிலும் கனெக்டர் போட்டது. இரண்டும் நான் பற்றவைத்தவை.

விதிநூல் | திங்கள், காலை 9.05

தம்பியின் கிளிப்பர்டன் தொடர்பு லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட் என்ற இணையப் பதிவேட்டில் உறுதியாகிவிட்டது. அந்தக் குழு தன் லாக்கை ஏற்றியிருக்கிறது. இருவர் பதிவும் பொருந்துகிறது. இனிப் பேச என்ன இருக்கிறது?

பழையசாவி | திங்கள், காலை 9.20

பொருந்துவது இரண்டு கணினிகளின் பதிவு. அந்தத் தீவிலும் ஒருவேளை டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள்!

புதுவரவு | திங்கள், காலை 10.00

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அப்புறம் இன்னொன்று: கட்டுப்பாடு கொண்ட உரிமத்தில் 50 வாட் மட்டும்தான் என்கிறார்கள். பொது உரிமத்துக்கு மோர்ஸ் கட்டாயம் படிக்க வேண்டுமா?

பழையசாவி | திங்கள், காலை 10.12

படிக்க வேண்டும். நிமிடத்துக்கு எட்டுச் சொல். டீ ஆறுவதற்குள் கற்றுக்கொள்ளலாம்.

பதினைந்துவினாடி | திங்கள், மதியம் 1.30

சனிக்கிழமை காலை 5.30-க்குப் போட்டி தொடங்குகிறது. வெள்ளி மாலை கோபுரத்தில் ஏறி யாகி ஆண்டெனாவைத் திருப்பிக் கட்ட இரண்டு பேர் தேவை. என் மேல் கோபம் இருந்தாலும் கோபுரத்தின் மேல் இல்லையே?

யாழ்22 | திங்கள், மதியம் 1.48

நான் கடலுக்கு இந்தப் பக்கம். 15 மீட்டரில் காத்திருப்பேன். இந்தத் தரமாவது பதில் தாருங்கள், ஐயா.

மூங்கில்குவாட் | திங்கள், மதியம் 2.10

நான் வருகிறேன். என் கேபிள் வந்தால்.

பழையசாவி | திங்கள், மதியம் 2.26

வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன். கேபிள் மாடியில் இருக்கிறது, அணில் ஓர் இடத்தில் கடித்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்குள் தம்பி ஒன்றை மட்டும் சொல்லட்டும்: கிளிப்பர்டன் பதில் கொடுத்த அந்த வினாடியில் டம்ளர் அம்மா கையில் இருந்ததா, உங்கள் கையில் இருந்ததா?

பதினைந்துவினாடி | திங்கள், மதியம் 2.27

லோட்டா, ஐயா. டம்ளரே இல்லை.