புதுப்பிப்பு: குளூட்டன் இல்லாத உணவுக்கான கடை கிடைத்துவிட்டது

கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் என் மகளுக்கு உண்டு. அவளுக்கு நம்பி வாங்கக்கூடிய குளூட்டன் இல்லாத உணவுப் பொருள்கள் எங்கே கிடைக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். சிறப்புக் கடைகளைத் தேடிப் பாருங்கள் என்று சிலர் கூறியபடியே, அத்தகைய கடை ஒன்று வீட்டுக்கு அருகிலேயே இருப்பது தெரியவந்தது.

பொருள்களின் எண்ணிக்கையைவிட உரிமையாளரின் விளக்கங்களே எனக்கு நம்பிக்கை அளித்தன. கோதுமை இல்லை என்று அச்சிடப்பட்ட பொருளிலும் பார்லியிலிருந்து எடுத்த மால்ட் இருக்கக்கூடும் என்பதையும், ஓட்ஸ் வயலிலும் ஆலையிலும் கோதுமையுடன் எளிதில் கலந்துவிடுவதால் தனிச் சான்று பெற்றதையே வாங்க வேண்டும் என்பதையும் நான் கேட்காமலேயே எடுத்துரைத்தார். கோடெக்ஸ் எனும் சர்வதேசத் தரநிலைப்படி, குளூட்டன் இல்லாதது எனக் குறிக்கப்படும் உணவில் கிலோகிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அவ்வாறு சோதிக்கப்பட்டவற்றைத் தனி அலமாரியில் வைத்திருக்கிறார்.

திறந்த தொட்டிகளிலிருந்து மாவை அள்ளித் தரும் பகுதியும் அங்கே உண்டு. ஒரே கரண்டி பல தொட்டிகளுக்குள் போய்வர வாய்ப்புள்ளதால் (சிலருக்கு இது மிகையான அச்சமாகத் தோன்றலாம்) அதை நான் தவிர்க்கிறேன். ரொட்டி விரைவில் உலர்ந்துவிடுகிறது. துண்டுகளாக்கி உறைநிலையில் வைத்தால் தாங்குகிறது. விலை கூடுதல்தான் என்பதால் மாவும் ரொட்டியும் மட்டுமே அங்கே வாங்குகிறேன்.