பழைய சாகசத்தைப் புதிய விதிகளில் நடத்தும்போது சுவை குறைவது ஏன்?

வடக்குவாசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை, அதாவது 2014இல் வந்த விதிப்புத்தகங்களை வைத்துக்கொண்டு, நாங்கள் ஐந்து பேர் மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஆடி வருகிறோம். டன்ஜன் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர் பொறுப்பு என்னுடையது. அண்மையில், இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதிய ‘தி கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்’ என்னும் பழைய சாகசத்தை (ஆடுவதற்கென முன்கூட்டியே எழுதிய கதைக்களத்தை) எடுத்து, அதிலுள்ள அரக்கர்களுக்கு மட்டும் புதிய எண்களைப் போட்டு நடத்தத் தொடங்கினேன்.

மூத்த ஆட்டக்காரர்கள் அவ்வளவு சிலாகிக்கும் அந்தச் சாகசத்தின் குகைகள் எங்கள் மேசையில் சப்பென்று போய்விட்டன. முதல் நாள் வாசலருகே நின்ற ஆறு கோப்ளின் (குட்டி அரக்கர்) காவலர்களை வீழ்த்தவே ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஆறும் கடைசி மூச்சுவரை போரிட்டுச் செத்தன. எங்கள் தரப்பில் ஒருவருக்குக்கூட உயிராபத்து வரவில்லை. பிறகு வெளியே வந்து ஓர் இரவு உறங்கினார்கள், விதிப்படி ஹிட் பாயிண்ட் (பாத்திரத்தின் உயிர்ப்புள்ளி) முழுவதும் திரும்பியது, மறுநாள் அடுத்த குகைக்குள் நுழைந்தார்கள். நான்கு வாரமாக இதே கதைதான் நடக்கிறது.

1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த பேசிக் விதிகளுக்கே போய்விடலாமா, 2024இல் திருத்தி வெளியிட்ட புத்தகங்களை வாங்கினால் இந்தக் குறை தீருமா, அல்லது நான் நடத்தும் விதத்தில்தான் பிழை இருக்கிறதா? எங்களில் ஒருவர் தம் பாத்திரத்துக்குப் பத்துப் பக்கத்தில் முன்கதை எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பாத்திரம் முதல் நாளே செத்துவிட்டால் அவர் ஆட்டத்தை விட்டே விலகிவிடுவார் என்பதையும் மனத்தில் கொண்டு சொல்லுங்கள்.

விளக்கேந்தி எழுதியது:

நண்பரே, பிழை உங்களுடையது அன்று. அரக்கர்களின் எண்களை மாற்றினீர்கள். ஆனால் அந்தச் சாகசம் எந்த விதிகளை நம்பி எழுதப்பட்டதோ அவை புதிய புத்தகத்தில் இல்லை. அது பேசிக் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்கப்பட்ட சாகசம் என்பதை மறந்துவிடக் கூடாது.

முதலில் எக்ஸ்பி, அதாவது பாத்திரம் வளரத் தேவையான அனுபவப் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். பேசிக் விதிகளில் ஒரு கோப்ளினைக் கொன்றால் 5 எக்ஸ்பிதான் கிடைக்கும்; ஆனால் குகையிலிருந்து பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொரு பொற்காசுக்கும் 1 எக்ஸ்பி உண்டு. ஆகவே நூறு காசுள்ள ஒரு பையைச் சத்தமில்லாமல் எடுத்து வருவதும், இருபது கோப்ளின்களைக் கொல்வதும் ஒன்றே. ஐந்தாம் பதிப்பில் ஒரு கோப்ளினுக்கு 50 எக்ஸ்பி, இரண்டாம் லெவலுக்கு (வளர்ச்சிப் படிக்கு) ஆளுக்கு 300 எக்ஸ்பி, பொன்னுக்கு எதுவும் கிடையாது. அப்படி இருக்கும்போது உங்கள் ஆட்டக்காரர்கள் வாளை உருவாமல் வேறு என்ன செய்வார்கள்?

அடுத்தது, அரக்கர்கள் நடந்துகொள்ளும் விதம். பேசிக் விதிகளில் எதிரே வரும் அரக்கனின் மனநிலையை இரண்டு ஆறுமுகப் பகடைகள் தீர்மானிக்கின்றன. கூட்டுத்தொகை 2 வந்தால் மட்டுமே அது உடனே பாயும், அதாவது 36இல் ஒரு வாய்ப்பு. மற்றபடி அது முறைக்கும், தயங்கும், விலகிப் போகும், சில வேளைகளில் பேச்சுக்குக்கூட இணங்கும். சண்டை மூண்ட பிறகும், எதிரிகளில் முதல் ஆள் விழுந்தவுடனும் பாதிப் பேர் விழுந்தவுடனும் மாரல் (மனவுறுதி) சோதனை உண்டு. கோப்ளினின் மாரல் 7. அதற்கு மேல் பகடை விழுந்தால் எஞ்சியவை ஓட்டமெடுக்கும் அல்லது சரணடையும். ஒவ்வொரு சோதனையிலும் 36இல் 15 முறை அப்படி நடக்கும். உங்கள் ஆறு காவலர்களும் கடைசிவரை நின்று செத்ததற்கு, அவர்களைத் தப்பியோடச் சொல்லும் விதி உங்கள் கையில் இல்லாமல் போனதே காரணம்.

மூன்றாவது, நேரம். ஒரு தீப்பந்தம் ஆறு டர்ன், அதாவது ஒரு மணி நேரம் எரியும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை, சுற்றித் திரியும் அரக்கன் எதிர்ப்படுகிறதா என்று பகடை உருட்ட வேண்டும். வழியில் எதிர்ப்படும் அரக்கனிடம் பெரும்பாலும் பொன் இருக்காது, அடி மட்டுமே கிடைக்கும். ஆகவே குகைக்குள் வீணாக நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு.

இவை மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் கோப்ளின் குகையை ஒட்டி ஓர் ஓகர் (பேருருவ அரக்கன்) குடியிருக்கிறது. கோப்ளின்கள் ஆபத்தில் அதற்குக் காசுப் பையை வீசினால் அவர்களுக்காகச் சண்டைக்கு வரும். எங்களில் ஒருவர் இரண்டு ஹிட் பாயிண்ட் மட்டுமே உள்ள திருடனை ஆடினார். ஓகர் கதாயுதத்துடன் வழிமறித்தபோது, அவர் தம் தாளில் எழுதியிருந்த காசுகளை ஒருமுறை எண்ணினார், பிறகு இன்னொருமுறை எண்ணினார். கொடுக்கும் ஒவ்வொரு காசும் ஊருக்குக் கொண்டுபோகாத காசு, அதாவது கைவிட்ட எக்ஸ்பி. கொடுக்காவிட்டால் ஓர் அடியில் உயிர் போய்விடும். மேசையில் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பென்சிலால் அந்த எண்ணை அடித்துவிட்டு, “எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன், கோப்ளின்களைவிட நாங்கள் நல்ல முதலாளிகள் என்று அதனிடம் சொல்லுங்கள்” என்றார். ஒரு வாளும் உருவப்படாத அந்தக் கால் மணி நேரத்தை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

செம்பருத்தி எழுதியது:

விளக்கேந்தி அண்ணா சொன்ன விளக்கம் முழுக்கச் சரி. ஆனாலும் ‘பழைய பதிப்பு’ என்று ஒரே பொருள் இருப்பதுபோலப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட மூன்று சிறு புத்தகங்கள் வேறு, 1981இன் பேசிக் வேறு, 1977இலிருந்து 1979க்குள் வந்த அட்வான்ஸ்ட் விதிகள் வேறு. 1989இன் இரண்டாம் பதிப்பிலேயே, பொன்னுக்கு எக்ஸ்பி என்பது விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டுவிட்டது. அதற்கும் முன்னதாக, 1984இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் சாகசங்களிலேயே பொன் தேடுவதைவிடக் கதையை நடத்திச் செல்வது முதன்மையாகிவிட்டது. முன்கதை எழுதும் ஆட்டக்காரர் புதிய பதிப்பின் பிள்ளை என்று யாரும் எண்ண வேண்டாம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் மேசைக்கு வந்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1978இன் அட்வான்ஸ்ட் விதிகளில் மனிதப் பெண் பாத்திரத்தின் வலிமைக்கு 18/50 என்று உச்சவரம்பு உண்டு. ஆணுக்கு அது 18/100. எல்ஃபும் ட்வார்ஃபும் பல வகுப்புகளில் குறிப்பிட்ட லெவலுக்கு மேல் ஏறவே முடியாது. முதல் தடையை இரண்டாம் பதிப்பும், இரண்டாவதை 2000இல் வந்த மூன்றாம் பதிப்பும் நீக்கின. வீராங்கனையாக ஆட வந்த நான், அந்த அட்டவணையை முதன்முதலில் பார்த்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பழைய விதிகளில் எடுத்துக்கொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. திரும்பிப் பார்க்கவே வேண்டாதவையும் இருக்கின்றன. பேசிக் விதிகளில் இந்த ஆண் பெண் வேறுபாடு இல்லை என்பதால், போவதானால் அங்கே போங்கள்.

எல்லைக்காவல் எழுதியது:

2024 புத்தகங்களைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் குறைக்கு அவை மருந்தாகா. பாத்திரங்கள் முன்பைவிட உறுதியாகியுள்ளன: கியூர் வூண்ட்ஸ் மந்திரம் ஒரு எண்முகப் பகடைக்குப் பதில் இரண்டு பகடை குணப்படுத்துகிறது, முதல் லெவலிலேயே பின்னணியோடு ஒரு ஃபீட் (சிறப்புத் திறன்) கிடைக்கிறது. ஆயுதத் தேர்ச்சி விதிகள் போர்வீரருக்கு நல்ல வரப்பிரசாதம். கிரேட்ஸ்வோர்டு என்னும் பெருவாள் குறி தவறினாலும் சிறிது காயம் உண்டாக்கும், மால் என்னும் பெருஞ்சுத்தியல் பட்டவர் தடுமாறி விழாமலிருக்கச் சோதனை போட வேண்டும். ஆட எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அடிக்கு ஒரு சோதனை கூடினால் உங்கள் ஒன்றரை மணி நேரம் குறையாது.

பலரும் ஒதுக்கிய 2008இன் நான்காம் பதிப்பிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அதில் மினியன் என்றொரு வகை உண்டு. அதற்கு ஒரே ஒரு ஹிட் பாயிண்ட், ஒரு முறை பட்டால் விழுந்துவிடும். கோப்ளின் காவலர்களில் நால்வரை மினியனாக வைத்தால் சண்டை இருபது நிமிடத்தில் முடியும். உறக்கத்துக்கும் வழி இருக்கிறது. 2014இன் டன்ஜன் மாஸ்டர் கையேட்டிலேயே, நீண்ட ஓய்வை ஏழு நாளாக்கும் விருப்ப விதியும், அரக்கர்கள் பயந்தோடுவதற்கு விஸ்டம் (அறிவுத்தெளிவு) சோதனை போடும் விருப்ப விதியும் அச்சிடப்பட்டுள்ளன. அந்தப் பக்கங்களைப் பெரும்பாலோர் புரட்டுவதில்லை.

வடக்குவாசல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொன்னுக்கு எக்ஸ்பி என்பது பேராசையை வளர்க்கும் விதி என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அது சண்டையைத் தவிர்க்கச் சொல்லும் விதி என்பது இப்போதுதான் உறைக்கிறது. நான்கு வாரம் பேசிக் விதிகளிலேயே ஆடிப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். முன்கதை நண்பர் மட்டும் இன்னும் தயங்குகிறார். ஹிட் பாயிண்ட் பூஜ்யமானால் சாவு என்ற விதியைத் தளர்த்தி, வீழ்ந்தவர் பிழைப்பாரா என்று பகடை உருட்டிப் பார்க்கும் ஐந்தாம் பதிப்பின் சாவுச் சோதனையை அங்கே பொருத்தலாமா?

விளக்கேந்தி எழுதியது:

பொருத்தாதீர்கள். மூன்று வெற்றி, மூன்று தோல்வி என்று எண்ணும் அந்தச் சோதனையைக் கொண்டுவந்தால் ஓகர் முன்னால் காசை எண்ண வேண்டிய தேவையே இல்லாமல் போகும். அதற்குப் பதிலாக, அந்த நண்பரின் பாத்திரத்தை ஐந்தாம் பதிப்பு ஆட்டத்திலேயே பத்திரமாக வைத்துவிடுங்கள். இந்த நான்கு வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு புதிய பாத்திரங்களைப் பகடை உருட்டி அவரவர் முன்னாலேயே உருவாக்கச் சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் முடியும். கூலிக்கு ஆள் சேர்த்துக்கொள்ளவும் விதி இருக்கிறது. கரிஸ்மா (பிறரைக் கவரும் ஆற்றல்) சராசரியாக இருந்தாலே நான்கு பேர் வரை உடன் வருவார்கள். ஒருவர் விழுந்தால் ஆட்டக்காரர் அந்தக் கூலியாளை எடுத்து உடனே ஆட்டத்தைத் தொடரலாம், மேசையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கும் எண்) குறையக் குறைய நல்லது என்னும் பழைய கணக்கு உங்கள் குழுவைக் குழப்பினால், சாகசத்தில் உள்ள எண்ணை 19இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். கோப்ளினின் 6 என்பது 13 ஆகிவிடும். முதல் லெவல் வீரர் இருபதுமுகப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் போட்டால் அடி விழும். ஞாயிறு ஆட்டத்துக்கு முன்பு மாரல் எண்களை அரக்கர் குறிப்புகளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள், சண்டை நடுவில் தேடினால் கிடைக்காது.