அக்கா பிள்ளைகளை ஹோமில் விடாமல் வளர்க்க வழி இருக்கா?

சாத்தூர்க்காரி:
அக்கா போன தை மாசம் தவறிட்டா. மாமா அதுக்கு முன்னாடியே இல்லை. பெரியவனுக்கு 9, சின்னவளுக்கு 5. எங்க அம்மாகிட்டதான் இருக்காங்க, அம்மாவுக்கு 67. நான் தீப்பெட்டி ஆபீஸ் கூலி. சொந்தக்காரங்க ஹோம்ல சேர்க்கச் சொல்றாங்க. சின்னவ ராத்திரி அண்ணன் சட்டையைப் பிடிச்சாத்தான் தூங்குறா. எனக்கு மனசு வரலை.

முத்துச்செல்வம்:
தங்கச்சி, ஹோம் கடைசி வழிதான். 2015 இளைஞர் நீதிச் சட்டமே அப்படித்தான் சொல்லுது. முதல்ல மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்க, கலெக்டர் ஆபீஸ்ல கேட்டா இடம் சொல்வாங்க. மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல நிதி ஆதரவுன்னு ஒரு பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபாய் உண்டு. தமிழ்நாடு அரசோட 'அன்புக் கரங்கள்' திட்டம் 2025ல வந்தது. மாசம் 2,000, 18 வயசு வரைக்கும். எது பொருந்தும்னு அவங்களே பார்ப்பாங்க. ரெண்டு பேர் இறப்புச் சான்றிதழ், பிள்ளைங்க ஆதார், ரேஷன் கார்டு கொண்டு போங்க. அலைய முடியலைன்னா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் அடிங்க.

பாட்டிவளர்ப்பு:
நானும் தம்பியும் அம்மாச்சி வீட்டுல வளர்ந்தவங்க. அரைவயிறு கஞ்சிதான், ஆனா ஒரே பாயில படுத்தோம். அம்மா பேரைச் சொல்லித் திட்டவும் அங்கே ஆள் இருந்தது. பிரிக்காதீங்கக்கா.

சாத்தூர்க்காரி:
அண்ணா, மாமாவோட சான்றிதழ் வாங்கவே இல்லை. நாளைக்கு வேலைக்கு லீவு சொல்லிட்டு முதல்ல நகராட்சிக்குப் போறேன்.