எச்ஐவி சிகிச்சையில் சிடி4 ஏறிய பிறகு கண் மங்கியது: இப்படி ஆனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். தம்பிக்காகக் கேட்கிறேன், அவனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன் எச்ஐவி என்று தெரிந்தபோது அவனுக்கு சிடி4 (எதிர்ப்புச் சக்தி தரும் இரத்த அணுக்களின் எண்ணிக்கை) வெறும் 28. வலது கண்ணின் விழித்திரையை சிஎம்வி என்ற வைரஸ் கிருமி அரித்திருந்தது. கண்ணுக்குள்ளேயே அந்தக் கிருமிக்கான கான்சிக்ளோவிர் ஊசி போட்டார்கள், புண் ஆறியது. எச்ஐவியை அடக்கும் ஏஆர்டி மாத்திரையை ஒரு நாள்கூட அவன் தவறவிட்டதில்லை. இப்போது சிடி4 190. நாங்கள் நிம்மதியாக மூச்சுவிட்ட நேரத்தில், போன மாதம் அதே கண்ணில் புள்ளி புள்ளியாக மிதக்கிறது என்றான். கதவு நிலை வளைந்து தெரிகிறதாம்.

கிருமி திரும்பவில்லை என்கிறார் டாக்டர். உடம்பில் எதிர்ப்புச் சக்தி திரும்பியதும், கண்ணில் மிச்சமிருக்கும் கிருமியின் சுவட்டோடு அது மல்லுக்கட்டுவதால் வரும் அழற்சியாம். இம்யூன் ரெகவரி யுவைடிஸ் என்று எழுதிக் கொடுத்தார். விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் நீர் கோத்திருக்கிறது. சொட்டு மருந்துக்குக் குறையவில்லை. அடுத்து கண்ணைச் சுற்றி ஸ்டீராய்டு ஊசி.

அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். எத்தனை நாளில் பார்வை தெளிந்தது? கண் அழுத்தம் ஏறியதா, புரை விழுந்ததா? ஸ்டீராய்டால் சிஎம்வி மறுபடி தலைதூக்குமோ என்பதுதான் என் பெரிய பயம்.

உறவில் ஒருவர் ஏஆர்டியை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். அதை மட்டும் செய்யமாட்டோம், டாக்டரும் கண்டிப்பாகக் கூடாது என்றுவிட்டார். நாட்டு மருந்தும் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஊசி, அதற்குள் பதில் கிடைத்தால் தம்பிக்குப் படித்துக் காட்டுவேன்.