கணிதம் மேஜர்: கூடவே இயற்பியலா, புள்ளியியலா, தரவு அறிவியலா?

காவிரிக்கரை மாணவன்:

வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு. ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அறிவித்தது தெரிந்ததிலிருந்து எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. ஒன்று கல்லூரியில், மற்றொன்று தொலைநிலையில் அல்லது இணையவழியில்.

இக்னோ என்ற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல், சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழித் தரவு அறிவியல், எங்காவது புள்ளியியல். இந்த மூன்றுக்குள்தான் தடுமாற்றம். "கணிதத்துக்கு எது நெருக்கமோ அதை எடு" என்கிறார் எங்கள் துறைத் தலைவர். அலைடு (துணைப்பாட) இயற்பியலில் 71 மதிப்பெண் வாங்கினேன், ஆனால் பிராக்டிகல் என்றால் கை நடுங்கும். அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் உட்கார்ந்து காஜா எடுக்க வேண்டும். எதை எடுக்கலாம்?

பெட்டிக்கடை:

தரவு அறிவியல். வேலை கிடைக்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

சராசரி மனிதன்:

இரண்டாம் பட்டம் இளநிலையாகத்தான் இருக்க வேண்டுமா, தம்பி? புள்ளியியல் மேதை சி.ஆர்.ராவ் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்துவிட்டுத்தான் கல்கத்தா போய், 1943-இல் புள்ளியியலில் எம்.ஏ. வாங்கினார். இரண்டே ஆண்டில், 1945-இல், இன்று எல்லாப் புள்ளியியல் பாடநூலிலும் அவர் பெயரோடு இருக்கும் அந்தச் சமனின்மையை வெளியிட்டார். ஐ.ஐ.டி.களில் முதுநிலை சேர்வதற்கான ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியலுக்குத் தனித்தாள் இருக்கிறது. ஒருவரே இரண்டு தாள் எழுதலாம். இப்போது இரட்டைச் சுமை தூக்காமல் கணிதத்தை ஒழுங்காக முடித்துவிட்டு முதுநிலையில் மாறிக்கொள். நான் அப்படித்தான் செய்தேன், குறை ஒன்றுமில்லை.

திருச்சி டீச்சர்:

தம்பி, உங்கள் துறைத் தலைவர் சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்லப்போகிறேன், அவர் என்னை மன்னிக்கட்டும். நெருக்கமானதை எடுத்தால் படித்ததையே திரும்பப் படிப்பாய். ஐ.ஐ.டி. படிப்பின் அடிப்படை நிலையில் எட்டுப் பாடங்கள். அதில் கணிதம் இரண்டு, புள்ளியியல் இரண்டு. சார்பு, வகையீடு, அணி என்று உனக்குத் தூக்கத்திலும் தெரிந்தவை நிறைய வரும். பைத்தான் நிரல்மொழிதான் புதிது. சுமை குறைவு என்பது உண்மை. ஆனால் தேர்வுகள் ஞாயிற்றுக்கிழமைகளில், மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். காஜாவை அன்றைக்கு யார் எடுப்பார்கள்?

நான் கணிதம் முடித்து, பிறகு தொலைநிலையில் இயற்பியல் படித்தவள். கணிதம் படித்தபோது வட்டமான சவ்வின் அலைச் சமன்பாட்டைத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்குப் போட்டிருக்கிறேன். பெசல் சார்பு, எல்லை நிபந்தனை எல்லாம் சரியாக எழுதி முழு மதிப்பெண். அது எந்தச் சவ்வு, அதை யார் தட்டுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இயற்பியலில்தான் அந்த விடைகளை வகுத்துப் பார்க்கச் சொன்னார்கள். முதல் அதிர்வெண் 1 என்றால் அடுத்தது 1.59, அதற்கடுத்தது 2.14. முழு எண்ணாக ஒன்றுமில்லை. வெறும் தோலில் சுருதி நிற்காததற்குக் காரணம் இதுதான். அப்படியானால் என் தம்பி தினமும் பக்கத்து அறையில் வாசிக்கும் மிருதங்கத்தில் எப்படி நிற்கிறது? வலந்தலையின் (வலது பக்கத் தோலின்) நடுவில் கருப்பாக அப்பியிருக்கிறதே, அந்தக் கரணை. அதன் எடை மேல்சுரங்களை இழுத்து முழு எண் விகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடுகிறது. சி.வி.ராமன் இதை 1920-இலேயே நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததை நான் மூன்று வருடம் தாளில் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிராக்டிகல் பயம் எனக்கும் இருந்தது. தொலைநிலை மாணவர்களுக்காக ஒரு கல்லூரி ஆய்வகத்தை விடுமுறையில் பத்து நாள் திறந்துவிட்டார்கள். முதல் நாள் தனி ஊசல். ஒரு மீட்டர் நூல், இருபது அலைவு. குண்டை விட்ட கணத்திலேயே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினேன். 38.1 விநாடி. இருபதால் வகுத்து, ரெக்கார்டு நோட்டில் புவியீர்ப்பு முடுக்கம் 10.9 என்று அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டேன். நோட்டைப் பார்த்த ஆய்வக ஆசிரியர், "உங்கள் ஊரில் பூமி கொஞ்சம் கனமோ?" என்றார். சுழியத்திலிருந்து எண்ண வேண்டும், நான் எண்ணியது பத்தொன்பதுதான் என்று கண்டுபிடிக்க எனக்கு மதியம் வரை ஆயிற்று. தேற்றத்தில் பிழை செய்தால் யாராவது சுட்டிக்காட்ட வேண்டும். அந்த ஊசல் யாரும் சொல்லாமலே காட்டிக்கொடுத்தது.

ஆகவே என் ஓட்டு இயற்பியலுக்கு. பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்: ஆய்வகம் எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று படிப்பு மையத்தில் நேரில் போய்க் கேள். வருகை கட்டாயம், அதைத் தவறவிட்டால் பட்டம் இழுத்துக்கொண்டே போகும். ஆசிரியர் வேலை எண்ணம் இருந்தால் பணி அறிவிப்புகளில் பட்டத் தகுதி விதியையும் படித்துக்கொள். ஒரே நேரத்தில் வாங்கிய இரண்டு பட்டங்களை எல்லாரும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை.

பெட்டிக்கடைக்காரரே, வேலை கிடைக்கும் என்பது சரி. அவன் கேட்டது வேறு.

காவிரிக்கரை மாணவன்:

நன்றி அக்கா. ஆனால் திருகு அளவியைத் தொட்டாலே கை நடுங்குகிறதே, என்ன செய்ய?

திருச்சி டீச்சர்:

ஒரு சட்டைக்கு எத்தனை காஜா எடுக்கிறாய்? அதில் எத்தனை கோணலாகப் போகிறது? அந்தக் கைதானே இது.

காவிரிக்கரை மாணவன்:

கோணலாகப் போனால் அப்பா பிரிக்கச் சொல்லிவிடுவார். நேற்று இரவு அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: அந்தப் பத்து நாள் தீபாவளிக்கு முன்னாலா, பின்னாலா? திங்கட்கிழமை படிப்பு மையத்துக்குப் போகிறேன்.