62 கிலோமீட்டரில் 4 கிலோமீட்டர்

குழு: குடும்பச் சக்கரம்
வெள்ளிக்கிழமை

தம்பி, காலை 6.42
அனைவருக்கும் வணக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பயணத்துக்கான தடத்தை வரைந்து மேலே அனுப்பியிருக்கிறேன். மொத்தம் 62 கிலோமீட்டர். கைவிடப்பட்ட ரயில் பாதையில் தொடங்கி, வயல்களுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தில் திரும்பி, மரம் ஏற்றுவதற்காகக் காட்டுக்குள் போட்ட மண்சாலையில் ஏறி, ஆற்றங்கரை வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறோம். நடுவில் 4 கிலோமீட்டர் மட்டும் நெடுஞ்சாலை. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அக்கா, காலை 7.05
பார்த்தேன். மகள் போன மாதம் தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் களைப்பில்லாமல் ஓட்டினாள், ஆகவே 62 என்பது எட்டக்கூடியதுதான் என்று நினைக்கிறேன். அவளுக்குப் பதினொரு வயதுதான் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அத்தை, காலை 7.09
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

அத்தை, காலை 7.11
கை தவறிவிட்டது. நானும் வருகிறேன் என்றுதான் எழுத வந்தேன்.

சித்தப்பா, காலை 7.31
தம்பி, தடம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அந்த 4 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் 'மட்டும்' என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் உறுத்துகிறது. அத்தையும் குழந்தையும் வருகிற பயணத்தில் லாரி ஓடும் சாலை 400 மீட்டர் இருந்தாலும், அதைத் தாண்டும் வரை அதையே நினைத்துக்கொண்டு வருவார்கள், தாண்டிய பிறகும் அதைப் பற்றியே பேசுவார்கள். சுற்றிப் போனால் எவ்வளவு கூடும் என்று பார். 10 கிலோமீட்டர் கூடினாலும் வேறு பக்கத்தில் குறைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, சரளையில் 62 கிலோமீட்டர் என்பது தார்ச்சாலையில் 62 கிலோமீட்டர் அல்ல. தார்ச்சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் போகிறவர் சரளையில் 14 போனாலே நல்ல வேகம் என்று வைத்துக்கொள். மிதிப்பதை நிறுத்தினால் வண்டி தானாக உருளும் தூரமும் அங்கே பாதிகூட இருக்காது.

தம்பி, காலை 7.44
நெடுஞ்சாலையை எடுத்துவிடுகிறேன், சித்தப்பா. மற்றபடி முழுவதும் சரளைதான் என்பதால் கார், லாரித் தொந்தரவு இருக்காது அல்லவா?

சித்தப்பா, காலை 7.58
அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். சரளையாக இருப்பதும் வண்டி வராமல் இருப்பதும் வெவ்வேறு விஷயங்கள். இத்தாலியின் டஸ்கனி பகுதியில் 'ஸ்ட்ராடே பியாங்கே' என்னும் வெள்ளைச் சரளைச் சாலைகள் இருக்கின்றன, இன்று அதே பெயரைக் கொண்ட தொழில்முறைப் பந்தயமும் 2007 முதல் அங்கே நடக்கிறது. ஆனால் பந்தயம் இல்லாத நாட்களில் அவை பண்ணை வீடுகளுக்குக் கார் போகும் சாதாரணச் சாலைகளே. அகலமான சரளைச் சாலையில் வரும் கார் வேகத்தைக் குறைப்பதில்லை, அது கிளப்பும் புழுதியில் பின்னால் வருகிறவருக்கு உன் சைக்கிளும் தெரியாது. வண்டி விரும்பினாலும் நுழைய முடியாத இடத்தைத்தான் தேட வேண்டும்: தண்டவாளம் எடுத்த ரயில் பாதை, கால்வாய்க் கரை, குறுக்கே கேட் போட்ட காட்டுப்பாதை.

நான், காலை 8.20
தடத்தைக் கணினியில் திறந்து, ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் என்ன மேற்பரப்பு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தேன். அதில் 'கிராவல்' என்ற குறியீடு நாம் நினைக்கும் சரளை அல்ல. தண்டவாளத்துக்கு அடியில் கொட்டுவது போன்ற கூரான பெரிய ஜல்லிக்கே அந்தக் குறியீடு. நமக்கு வேண்டிய கெட்டிப்பட்ட பாதையை 'காம்பாக்டட்' என்றும், பொடிச் சரளையை 'ஃபைன் கிராவல்' என்றும் தனித்தனியாகக் குறிக்கிறார்கள். இதைத் தவிர வண்டித்தடங்களுக்கு 'கிரேட் 1' முதல் 'கிரேட் 5' வரை தரம் உண்டு. 1 என்பது ஏறத்தாழச் சாலை, 5 என்பது புல்லும் பொதுபொதுத்த மண்ணும். தம்பி, உன் வயல் பகுதியில் 9 கிலோமீட்டர் 'கிரேட் 5' ஆக இருக்கிறது. டிராக்டர் உழுதுகொண்டு போன சால் அது, நாம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

தம்பி, காலை 8.26
செயலி அதையும் 'தார் போடாதது' என்று ஒரே நிறத்தில் காட்டியதால் தவறிவிட்டேன். மாற்றுகிறேன்.

அத்தை, காலை 9.02
எனக்கு ஒரு சந்தேகம். ரயில் பாதையில் ஏறுவது கடினமாக இருக்காதா? மேடுகள் நிறைய இருக்கும் பகுதியாயிற்றே.

சித்தப்பா, காலை 9.40
அக்கா, உங்களுக்கு அங்கேதான் எளிதாக இருக்கும். பாரம் இழுக்கும் ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, சரிவைப் பெரும்பாலும் 2 சதவீதத்துக்குள்ளேயே வைத்திருப்பார்கள். நூறு மீட்டர் போனால் இரண்டு மீட்டர் ஏறியிருப்போம், காலுக்குத் தெரியாது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லாண்ட் வரை சுமார் 240 கிலோமீட்டர் நீளும் 'கிரேட் அலெகனி பேசேஜ்' பாதை பழைய ரயில் தடங்களின் மேல்தான் அமைந்திருக்கிறது. கம்பர்லாண்ட் பக்கமிருந்து அதன் உச்சிக்குப் போக 38 கிலோமீட்டர் தொடர்ந்து ஏற வேண்டும், ஆனால் எங்கும் இறங்கித் தள்ள வேண்டியதில்லை.

கம்பர்லாண்டில் அது முடிகிற இடத்தில் வாஷிங்டன் வரை போகும் 297 கிலோமீட்டர் கால்வாய்க் கரைப் பாதை தொடங்குகிறது. கோவேறு கழுதைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த பாதை அது. பல வருடங்களுக்கு முன் நான் ஒரு பயணத்தில், இரவெல்லாம் மழை பெய்த மறுநாள், இரண்டிலும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். சுண்ணாம்புக்கல் பொடி போட்ட ரயில் பாதை காலை பத்து மணிக்கெல்லாம் நீரை வடித்துவிட்டுக் கெட்டியாக இருந்தது, கால்வாய்க் கரையிலோ குட்டைகளும் களிமண்ணும். டயருக்கும் சட்டத்துக்கும் இடையில் களிமண் அடைத்துக்கொண்டு பின்சக்கரம் சுற்றவே மறுத்தது, குச்சியால் நோண்டி நோண்டி எடுத்தேன். இரண்டும் ஏறத்தாழச் சமதளம், இரண்டிலும் வண்டி வராது; ஆனாலும் அன்றைய அனுபவம் இரண்டு நாடுகளில் ஓட்டியது போலிருந்தது.

அக்கா, காலை 9.52
அப்படியானால் மழை பெய்தால் நம் ஆற்றங்கரையும் அதே கதிதானே?

சித்தப்பா, காலை 10.15
ஆமாம். வெள்ளம் வடிந்த ஆற்றங்கரையில் வண்டல் படிந்திருக்கும், அது காய்ந்த பிறகும் முன்சக்கரத்தைப் பிடித்திழுக்கும். நிலம் மாறுவதைக் கண்ணைவிட டயர்தான் முதலில் அறியும். வயலோரத்தில் களிமண், காட்டில் இலைச் சருகுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஈர வேர், மேட்டு நிலத்தில் உருளும் கல். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2006 முதல் நடக்கும், இன்று 'அன்பவுண்ட்' என்று பெயர் பெற்றிருக்கும் 200 மைல் சரளைப் பந்தயம் பிளிண்ட் ஹில்ஸ் மேடுகளில் போகிறது. பிளிண்ட் என்றால் பழங்காலத்தில் அம்பு முனை செய்த சிக்கிமுக்கிக் கல், அது டயரின் பக்கச் சுவரைக் கத்தி போலக் கீறிவிடும். ஒரே பயணத்தில் நான்கு வகை நிலம் பார்க்க ஆசைப்படுகிறோம் என்றால், நான்கில் மோசமானதற்கு ஏற்ற டயரைப் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

நான், காலை 10.31
டயர் விஷயத்தில் என் தவறை ஒப்புக்கொள்கிறேன். முதல் சரளைப் பயணத்துக்கு, காற்று அதிகம் இருந்தால் வேகமாகப் போகலாம் என்று நம்பி, 40 மில்லிமீட்டர் அகல டயரில் 65 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு கல்லிலும் வண்டி துள்ளித் துள்ளி, கையிரண்டும் மரத்துப் போயின. அடுத்த முறை வீம்புக்கு 20 பிஎஸ்ஐ ஆகக் குறைத்தேன், ஒரு கல்லில் ஏறியதும் 'டக்' என்று சத்தம் கேட்டது. டியூபைக் கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு ஓட்டைகள்; ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. இப்போது என் 70 கிலோ எடைக்குப் பின்னால் 40, முன்னால் 36 வைக்கிறேன், அதற்கப்புறம் அந்தச் சத்தம் கேட்கவில்லை. அக்கா, பாப்பாவின் எடைக்கு இன்னும் நன்றாகக் குறைக்கலாம்.

அக்கா, காலை 10.44
சனிக்கிழமை மாலை நீயே வந்து அவள் டயரை அழுத்திப் பார்த்து வைத்துவிட்டுப் போ. எனக்குப் பம்பில் முள் ஏறுவது மட்டும்தான் தெரியும்.

அத்தை, காலை 11.20
இறக்கத்தில் என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள். தார்ச்சாலையில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குவேன்.

தம்பி, காலை 11.33
இதை நான் சொல்கிறேன், இரண்டு முறை விழுந்து கற்றது. வளைவுக்கு முன்னால், வண்டி நேராகப் போகும்போதே, இரண்டு பிரேக்கையும் மெல்லப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரம் சோளப்பொரி மேல் ஏறியது போலச் சறுக்கிவிடும். ஹேண்டில்பாரை இறுக்காமல் பிடியுங்கள், சக்கரம் தானே தன் வழியைத் தேடிக்கொள்ளட்டும். பாதையின் நடுவிலும் ஓரத்திலும் உதிரிக் கல் குவிந்திருக்கும், சக்கரங்கள் போய்ப் போய் அழுந்திய தடத்திலேயே வாருங்கள். ஓரிடத்தில் பாதை துணி துவைக்கும் பலகை போல வரிவரியாக இருக்கும். அதை வண்டிகளின் சக்கரங்களே உண்டாக்குகின்றன. அங்கே இருக்கையிலிருந்து சற்று எழுந்து, முழங்காலை மடக்கிக்கொண்டால் முதுகு தப்பிக்கும்.

சித்தப்பா, காலை 11.41
கால்நடைக் கம்பித் தடுப்பையும் சொல், தரையில் குழியின் மேல் கம்பிகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். நேராக, பிரேக் பிடிக்காமல் தாண்ட வேண்டும், ஈரமாக இருந்தால் இறங்கித் தள்ளுவதே மேல். கேட் திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்தால் தாண்டிய பிறகு மூடிவிடுங்கள். ஆடு மாடு வளர்க்கிறவர்கள் அந்த நிலையை ஏதோ காரணத்தோடுதான் வைத்திருப்பார்கள்.

தம்பி, மாலை 6.18
புதிய தடம் அனுப்பியிருக்கிறேன். மொத்தம் 44 கிலோமீட்டர், நெடுஞ்சாலை இல்லை. ரயில் பாதையில் 17, கால்வாய்க் கரையில் 8, கேட் போட்ட காட்டுப்பாதையில் 11, ஆற்றங்கரையில் 8. வயல் தடத்தை முழுவதும் எடுத்துவிட்டேன். சாலையைக் குறுக்காகக் கடக்கும் இடங்கள் இரண்டு, இரண்டிலும் இரு பக்கமும் 200 மீட்டர் தெளிவாகத் தெரிகிறது.

அக்கா, மாலை 6.40
ரயில் பாதையில் சுரங்கம் ஒன்று இருப்பதாகப் படத்தில் தெரிகிறதே?

நான், மாலை 6.52
ஆமாம், 300 மீட்டர். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1967 இல் திறந்த எல்ராய்–ஸ்பார்ட்டா பாதையில் இருக்கும் நீளமான சுரங்கம் 1,160 மீட்டர், அதில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கத்தான் சொல்கிறார்கள். நம்முடையது சிறியது என்றாலும் நாமும் நடப்போம். வெயிலிலிருந்து நுழைந்தவுடன் கண் பழகச் சிறிது நேரம் எடுக்கும், மேலிருந்து நீர் சொட்டித் தரை வழுக்கும். முன்விளக்கு எல்லோரிடமும் இருக்க வேண்டும், தொப்பி விளக்காக இருந்தாலும் சரி.

அத்தை, இரவு 8.03
என்னிடம் விளக்கு இருக்கிறது, மணியும் இருக்கிறது. நடப்பவர்களைக் கண்டால் அடிக்கிறேன். காட்டுப்பாதையில் கேட் சாத்தும் வேலையையும் எனக்கே கொடுத்துவிடுங்கள், நான் எப்படியும் கடைசியாகத்தான் வருவேன்.

சித்தப்பா, இரவு 8.10
சரி, அக்கா. சனிக்கிழமை இரவு மழை வந்தால் கால்வாய்க் கரை 8 கிலோமீட்டரை விட்டுவிட்டு, ரயில் பாதையிலேயே போய்த் திரும்புகிறோம். காலை ஐந்து மணிக்கு வெளியே போய் மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.